உழவை விட்டு வருபவர் எந்த வேலையில் போய்ச் சேருகிறார்?

உலகில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் விவசாயத்தில்தான் இருக்கிறார். ஆனால் உலக உற்பத்தியின் மொத்த மதிப்பில் விவசாயத்தின் பங்கு 4 சதவீத அளவுக்கே வருகிறது. கடும் வறுமையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் கிராமங்களில் இருப்பதற்கும், அவர்கள் உழவையோ உழவுக் கூலியையோ நம்பி நாட்களை ஓட்டுவதற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. நிறையப் பேர் சேர்ந்து சிறியதொரு மதிப்பைப் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொருவர் கைக்கும் வருவது சொற்பமாகத்தான் இருக்கும். ஆகவே, நிலத்தில் இருப்பவர்களை ஆலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் மாற்றினால் வறுமை தானாகவே குறையும் என்று முடிவு கட்டுவது எளிது. வரலாறும் அந்த முடிவுக்கு ஆதரவாகவே தோன்றும். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் உழைப்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பண்ணை வேலையில் இருந்தார்கள். இன்று அது 2 சதவீதத்துக்கும் கீழே. தென் கொரியாவில் 1960-களின் தொடக்கத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் இருந்தது, இன்று 5 சதவீத அளவில் நிற்கிறது. உழைப்பாளர்களில் பெரும்பான்மையோரை உழவிலேயே வைத்துக்கொண்டு செல்வ நாடாக உயர்ந்த பெரிய நாடு ஒன்றுகூட இல்லை.

அதே வரலாற்றின் இன்னொரு பக்கத்தில், ஆட்களை நிலத்திலிருந்து அவசரமாகப் பிடுங்கியதால் கோடிக்கணக்கானோர் பசியால் மாண்ட கதை இருக்கிறது. நிலத்தை விட்டு வந்தும் வறுமையை விட்டு வராத குடும்பங்கள் பெருநகரங்களின் ஓரங்களில் நிறைந்திருக்கும் காட்சியும் இருக்கிறது. இரண்டுமே ஆட்கள் துறை மாறியதன் விளைவுகள்தாம். எது எங்கே வித்தியாசப்பட்டது என்று பார்த்தால்தான், "விவசாயத்திலிருந்து மக்களை வெளியே கொண்டுவர வேண்டும்" என்று அடிக்கடி ஒலிக்கும் கொள்கை வாசகத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது விளங்கும்.

விவசாயம் எல்லோரையும் தாங்க முடியாமல் போவதற்கு முதல் காரணம் வயிற்றின் அளவு. வருமானம் உயர உயர, குடும்பம் உணவுக்குச் செலவிடும் பங்கு குறைந்துகொண்டே வரும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் குடும்பச் செலவுக் கணக்குகளிலிருந்து எடுத்துக்காட்டினார். சம்பளம் இரு மடங்கானால் யாரும் இரு மடங்கு சாப்பிடுவதில்லை. கூடுதல் பணம் வீட்டுக்கும் துணிக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பயணத்துக்கும் போகிறது. ஒரு நாடு முன்னேறும்போது உணவுக்கான தேவை மெதுவாகவும் மற்றவற்றுக்கான தேவை வேகமாகவும் வளர்கிறது. வேலையும் அந்தத் தேவையின் பின்னால்தான் செல்லும். இரண்டாவது காரணம், நிலம் நீளாது என்பது. உலகின் பண்ணைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. ஒரு தலைமுறையில் ஒருவர் கையில் இருந்த நிலம் அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைகளுக்கும், அதற்கடுத்த தலைமுறையில் ஒன்பது பேருக்கும் பிரியும்போது, எந்த விதையும் எந்த உரமும் அந்தத் துண்டுகளை ஒரு முழுக் குடும்பத்துக்குப் போதுமானதாக ஆக்கிவிடாது.

அப்படியொரு துண்டு நிலத்தை அருகில் சென்று பார்ப்போம். அரை ஹெக்டேர் நிலத்தில் கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு மகன்கள் என்று நான்கு பேர் களை எடுக்கிறார்கள். வேலை 6 நாளில் முடிகிறது. மூத்த மகன் ஊரில் இல்லாவிட்டால் மூன்று பேர் 8 நாளில் முடித்திருப்பார்கள். விளைச்சலில் ஒரு பிடிகூடக் குறைந்திருக்காது. ஆனால் நடவின்போதும் அறுவடையின்போதும் கதை வேறு. முற்றிய கதிர் காத்திருக்காது. மழை இறங்குவதற்குள் அறுத்து அடித்துக் காயவைத்தாக வேண்டும். அந்த இரண்டு மூன்று வாரங்களில் நான்கு பேர் போதாமல் கூலிக்கும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆக, அந்த மகன் ஆண்டில் எட்டு மாதம் தேவைக்கு மிஞ்சியவர், மற்ற மாதங்களில் தவிர்க்க முடியாதவர். பாடப்புத்தகங்கள் "மறைமுக வேலையின்மை" என்று ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் ஒன்று. இதைக் கவனிக்காமல் தீட்டப்பட்ட திட்டங்கள் பல, அறுவடைக் காலத்தில்தான் தங்கள் பிழையைக் கண்டுபிடித்தன.

இந்த மிகை உழைப்பைப் பொருளியல் கோட்பாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ். பிரிட்டனில் தொழிற்புரட்சி தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியும், லாபம் பெருகிக்கொண்டே போனபோது கூலி மட்டும் ஏன் உயரவில்லை என்ற கேள்வி அவரை நெடுநாள் அரித்துக்கொண்டிருந்தது. 1952 ஆகஸ்டில் பாங்காக் தெருவொன்றில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். கிராமத்தில் பிழைப்புக்கு மட்டுமே போதுமான வருமானத்தில் எண்ணற்றோர் காத்திருக்கும்வரை, அதைவிடச் சற்றே கூடுதல் கூலி கொடுத்து ஆலை தனக்கு வேண்டிய ஆளை எடுத்துக்கொள்ளலாம்; லாபம் மீண்டும் முதலீடாகி, ஆலை பெருகி, கிராமத்தின் மிகை உழைப்பு தீர்ந்துபோகும் நாளில்தான் கூலி எல்லா இடங்களிலும் உயரத் தொடங்கும். 1954-இல் வெளியான அந்தக் கட்டுரை அவருக்கு 1979-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அந்தப் பரிசை அவர் தியடோர் ஷுல்ட்ஸுடன் பகிர்ந்துகொண்டார். ஏழை உழவரின் உழைப்பு வீணானது அல்ல, அவர் கையிலுள்ளதைத் திறமையாகத்தான் பயன்படுத்துகிறார், அவருக்கு வேண்டியது மேம்பட்ட விதையும் அறிவும் கல்வியும்தான் என்று வாதிட்டவர் ஷுல்ட்ஸ். ஒருவர் உழவிலிருந்து வெளியே பார்த்தார், மற்றவர் உழவுக்குள் பார்த்தார். இன்றுவரை நடக்கும் விவாதம் இந்த இருவருக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது.

அண்மைய ஆய்வுகள் இதில் முக்கியமான திருத்தம் ஒன்றைச் சொல்கின்றன. ஏழை நாடுகளில் ஓர் உழவர் ஆண்டுக்கு உற்பத்தி செய்யும் மதிப்பு, வேறு துறையில் இருப்பவர் உற்பத்தி செய்வதில் ஒரு சிறு பகுதியாகவே தெரிகிறது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்பதையும் சேர்த்து மணிக்கணக்கில் ஒப்பிட்டபோது இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதாவது, உழவர் வேலை செய்யும் ஒரு மணி நேரம் அவ்வளவு மட்டமானதல்ல. அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை செய்ய மணி நேரங்கள் கிடைப்பதில்லை. என் பார்வையில் இந்த ஒரு கண்டுபிடிப்பு முழு விவாதத்தின் திசையையும் மாற்ற வேண்டியது. உழவரை நிலத்திலிருந்து நிரந்தரமாகப் பெயர்ப்பதுதான் வழி என்று இல்லை. வேலையற்ற மாதங்களை நிரப்பும் இன்னொரு வருமானம் எட்டும் தூரத்தில் கிடைப்பதே பெரிய மாற்றத்தைத் தரும்.

எந்தத் துறைக்கு ஆள் போனாலும் அவருக்கும் சாப்பாடு வேண்டும்; நிலத்தில் மிஞ்சியிருப்பவர்கள்தான் அதை விளைவித்தாக வேண்டும். இதை மறந்ததன் விலையைச் சீனா கொடுத்தது. 1958-இல் தொடங்கிய "மாபெரும் பாய்ச்சல்" காலத்தில், எஃகு உற்பத்தியில் வளர்ந்த நாடுகளை எட்டிப்பிடிக்கும் வேகத்தில், கோடிக்கணக்கான உழவர்கள் உலைகளுக்கும் ஆலைகளுக்கும் அணைக்கட்டு வேலைகளுக்கும் திருப்பப்பட்டார்கள். பல இடங்களில் அறுவடைக்கு ஆளின்றிக் கதிர் வயலிலேயே கிடந்தது. விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டிய அறிக்கைகளை நம்பி, இருந்த தானியத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. அதன்பின் சுமார் 2 கோடித் தொழிலாளர்களை நகரங்களிலிருந்து மீண்டும் கிராமங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அதே நாடு இருபது ஆண்டுகள் கழித்து எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. 1978-இன் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் கூட்டுப்பண்ணை நிலத்தை ரகசியமாகத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. அரசுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பித்துவிட்டு, மிஞ்சியதை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் எழுதிக் கைரேகை வைத்தார்கள். அப்போது அது தண்டனைக்குரிய செயல். சில ஆண்டுகளிலேயே அந்த முறை நாடு முழுவதற்கும் விரிந்தது, கொள்முதல் விலையும் உயர்த்தப்பட்டது. 1978-இல் சுமார் 30.5 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 1984-இல் 40.7 கோடி டன்னை எட்டியது. உழவர் கையில் பணம் புழங்கியதும், வயலில் முன்போல் எல்லோரும் நாள் முழுவதும் நிற்க வேண்டியதில்லை என்றானதும், கிராமங்களிலும் சிற்றூர்களிலும் செங்கல், துணி, கருவிகள், உணவுப் பதப்படுத்தல் என்று ஊரகத் தொழில்கள் முளைத்தன. 1978-இல் அவற்றில் வேலை செய்தவர்கள் 3 கோடிக்கும் குறைவு, 1996-இல் 13 கோடிக்கும் மேல். கடலோர ஏற்றுமதி ஆலைகளுக்கு உள்நாட்டு மாகாணங்களிலிருந்து பெரும் கூட்டமாக ஆட்கள் கிளம்பியது இதற்கெல்லாம் பிறகுதான்.

இந்த வரிசை முக்கியமானது. சீனாவின் வறுமைக் குறைப்பு என்றதும் வானுயர்ந்த நகரங்களும் ஆலைகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தக் குறைவில் பெரும் பகுதி 1980-களின் முதல் சில ஆண்டுகளிலேயே, அதாவது நகரத்து ஆலைகள் பெருகுவதற்கு முன்பே நிகழ்ந்தது. பொருளியலாளர்கள் மார்ட்டின் ரவாலியனும் ஷாஹுவா சென்னும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வறுமையைக் குறைப்பதில் விவசாய வளர்ச்சியின் தாக்கம் ஆலைத்துறை, சேவைத்துறை வளர்ச்சியின் தாக்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். உலக வங்கியின் 2008-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கையும் பல நாடுகளை ஒப்பிட்டு, விவசாயத்திலிருந்து வரும் வளர்ச்சி மற்ற வளர்ச்சியைவிட வறுமையைக் குறைப்பதில் குறைந்தது இரு மடங்கு பலன் தருவதாகச் சொன்னது. உழவை விட்டு வெளியேறுவதற்கான வாசலே உழவு செழிப்பதில்தான் திறக்கிறது என்பது முதலில் முரணாகப் படலாம். ஆனால் செழித்த நாடுகளின் அனுபவத்தை நெருங்கிப் பார்த்தால் இதில் முரண் எதுவும் இல்லை.

தைவானிலும் அப்படித்தான். 1949-இல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு கட்டினார்கள். 1953-இல் உழுபவருக்கே நிலம் என்ற சட்டம் வந்தது. சொந்த நிலம் கிடைத்த குடும்பங்கள் விளைச்சலைப் பெருக்கின. கையில் தங்கிய பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஆலைகள் ஒரே நகரத்தில் குவியாமல் கிராமப்புறங்களிலும் பரவியதால், குடும்பத்தில் ஓரிருவர் காலையில் ஆலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பினார்கள். நிலம் கைவிடப்படவில்லை, அதன்மீதிருந்த பாரம்தான் குறைந்தது.

ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கொள்கை வகுப்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பெருநகரமும் அதன் பெரிய ஆலைகளும். தான்சானியாவின் ககேரா பகுதியில் கிடைத்த சான்று இதற்கு மாறாக இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்களின் உறுப்பினர்களை, அவர்கள் எங்கே சிதறியிருந்தாலும் தேடிப்பிடித்து, பத்தாண்டுக்கும் மேல் கழித்து மீண்டும் சந்தித்தார்கள். இடம்பெயர்ந்தவர்களின் நுகர்வு, ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்புகளுடையதைவிட மிக வேகமாக உயர்ந்திருந்தது. வறுமையிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கிராமத்தின் விவசாயமல்லாத வேலைகளுக்கோ சிறு நகரங்களுக்கோ மாறியவர்கள். பெருநகரத்துக்குப் போய் மீண்டவர்கள் ஏழில் ஒருவர்தான். பெருநகரம் போனவருக்குத் தலைக்கு வருமானம் கூடுதலாகவே உயர்ந்தது, ஆனால் அங்கே போய்ச் சேர முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். சிறு நகரம் கொடுக்கும் ஏற்றம் சிறியது, ஆனால் அது அருகில் இருக்கிறது. பேருந்துக் கட்டணம் குறைவு, தெரிந்த முகம் இருக்கும், அறுவடைக்கு ஓடிவந்துவிடலாம், வேலை கிடைக்காவிட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம். ஏழை ஒருவர் இழக்க அஞ்சுவது எதை என்று யோசித்தால், ஏன் சிறு நகரத்தின் சந்தையும் பட்டறையும் லாரிக் கொட்டகையும் இத்தனை பேரைத் தூக்கிவிட்டன என்பது புரியும். சாலை, மின்சாரம், கடன், பள்ளி ஆகியவற்றுக்கான பொதுப் பணத்தின் பெரும்பகுதியைத் தலைநகரங்களே விழுங்கும் நாடுகள் இந்த வாய்ப்பைத் தாங்களே அடைத்துக்கொள்கின்றன.

பெருநகரத்தைப் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. 1970-இல் பொருளியலாளர்கள் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் கிழக்கு ஆப்பிரிக்க அனுபவத்தை மனத்தில் வைத்து இதை விளக்கினார்கள். நகரத்தில் நல்ல சம்பளமுள்ள வேலைகள் சில இருந்தால், அவற்றில் ஒன்று தனக்குக் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே வேலைகளின் எண்ணிக்கையைவிட அதிகமானோர் வந்து சேர்வார்கள். புதிதாக நூறு வேலை உருவாக்கினால் இன்னும் பலநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். கிராமத்து வருமானத்தை உயர்த்தாமல் நகரத்து வேலையின்மையைத் தீர்க்க முடியாது என்பது இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு.

வெளியே அதிக வருமானம் இருப்பது தெரிந்தும் பலர் ஏன் கிளம்புவதில்லை? சோம்பல், பழக்கம், அறியாமை என்று வெளியிலிருந்து பேசுபவர்கள் வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட செப்டம்பர் முதல் நவம்பர் வரையான பசிக்காலத்துக்கு "மொங்கா" என்றே தனிப்பெயர் உண்டு. வயலில் வேலை இருக்காது, வீட்டில் தானியம் இருக்காது. 2008-இல் ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்கு, யாராவது ஒருவர் நகரத்துக்கு வேலை தேடிப் போனால் 600 டாக்கா தருவதாகச் சொன்னார்கள். அது ஏறக்குறைய போகும் வழிப் பேருந்துக் கட்டணமும் ஓரிரு நாள் செலவும்தான். இடம்பெயர்ந்தோர் பங்கு 22 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. போனவர்களின் குடும்பத்தில் ஊரில் இருந்தவர்களின் நுகர்வு சுமார் 30 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டு எந்தப் பணமும் தரப்படாதபோதும் அவர்களில் பலர் மறுபடியும் போனார்கள். இவ்வளவு பலன் இருந்தும் முன்பே ஏன் போகவில்லை என்றால், பசியின் விளிம்பில் இருப்பவருக்கு அந்த 600 டாக்கா வெறும் செலவு அல்ல. போய் வேலை கிடைக்காமல் திரும்பினால் பிள்ளைகள் அந்த வாரம் சாப்பிட மாட்டார்கள். நூற்றில் எழுபது முறை வெல்லக்கூடிய பந்தயத்தையும், தோற்றால் மீள முடியாதவர் ஆட மாட்டார். அவரது தயக்கத்தில் பிழையில்லை. இதே திட்டத்தைப் பின்னர் பெருமளவில் விரித்தபோது எதிர்பார்த்த விளைவு கிட்டாமல் 2019-இல் அது நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நூறு கிராமத்தில் பலித்த ஒன்று ஆயிரக்கணக்கான கிராமங்களில், வேறு கைகளில் அப்படியே பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் ஏழையைக் கட்டிப்போடுவது இடர் என்ற அடிப்படைக் கண்டறிதல் அதனால் பொய்யாகிவிடவில்லை.

இன்னொரு கட்டு நிலமே. நிலத்தின்மீது எழுத்துபூர்வ உரிமை இல்லாத இடங்களில் அதை உழுதுகொண்டிருப்பதுதான் உரிமைக்கான சான்று. இரண்டு பருவம் தரிசாகவிட்டு வெளியூர் போனால் திரும்பி வரும்போது அது வேறொருவர் கையில் இருக்கும். மெக்சிகோவின் "எகிடோ" கூட்டு நிலங்களில் பல பத்தாண்டுகள் இந்த நிலைதான். 1993 முதல் 2006 வரை அங்கே குடும்பங்களுக்கு நிலச் சான்றிதழ் வழங்கப்பட்டது. சான்றிதழ் பெற்ற குடும்பங்களில் ஒருவராவது இடம்பெயர்ந்திருக்கும் வாய்ப்பு 28 சதவீதம் கூடியதாக ஆய்வுகள் காட்டின. நில உரிமையை உறுதிசெய்தால் மக்கள் நிலத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்வார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள், நடந்ததோ நேர்மாறு. உரிமை உறுதியானதும் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்ப முடிந்தது. உணவு மானியம் சொந்த ஊரில் மட்டுமே கிடைக்கும் என்ற விதியும் இதே போன்றதொரு கட்டுதான். இந்தியா 2019-இல் தொடங்கிய "ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு" ஏற்பாடு 2022-இல் எல்லா மாநிலங்களுக்கும் எட்டியது. குடும்ப அட்டைக்குரிய தானியத்தை எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்பது, வெளியூர் போகும் கூலித் தொழிலாளி தோளிலிருந்து ஒரு பெரிய பயத்தை இறக்கிவைக்கும்.

இனி, போய்ச் சேரும் வேலை. கிழக்காசிய நாடுகளுக்கு ஆலை இருந்தது. படிப்பு அதிகம் இல்லாதவரையும் சில வாரப் பயிற்சியில் ஏற்றுக்கொண்டு, நிலத்தில் கிடைத்ததைவிடப் பல மடங்கு மதிப்பை அவர் கையால் உண்டாக்கிய இடம் அது. வங்கதேசத்தில் 1979-இல் 130 பேர் தென் கொரியாவுக்கு ஆயத்த ஆடைத் தொழில் பழகப் போனார்கள். அவர்களில் பலர் பின்னர் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த தொழில் இன்று சுமார் 40 லட்சம் பேருக்கு, பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்களுக்கு, வேலை தருகிறது. ஆலைகளுக்கு அருகிலிருந்த ஊர்களில் பெண் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருந்தார்கள், திருமணமும் தள்ளிப்போனது. அதே தொழிலில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவர்களில் விரிசல் கண்டும், மறுநாள் வேலைக்கு வரச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். கிராமத்து வறுமையிலிருந்து மீண்டு வந்தவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வலு இல்லாதபோது, வேலை என்ற ஒன்று மட்டும் அவரைப் பாதுகாத்துவிடாது.

எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஸ்டீஃபன் டெர்கனும் ஆலை வேலைக்கு விண்ணப்பித்த சுமார் ஆயிரம் பேரில் யாருக்கு வேலை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் விலகிவிட்டார்கள். ஓராண்டு முடிவில் வருமானத்தில் கணிசமான ஏற்றம் எதுவும் தெரியவில்லை, உடல்நலக் கேடுகள்தான் கூடியிருந்தன. சந்தையில் சின்ன வியாபாரமோ நாள்கூலியோ ஏறத்தாழ அதே வருமானத்தைக் கொடுத்தது. ஆலை என்றாலே முன்னேற்றம் என்ற நம்பிக்கையை இந்த முடிவு சோதிக்கிறது. துறையின் பெயர் மாறுவதால் வறுமை குறையாது. அந்த வேலையில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டாகிறது, அதில் எவ்வளவு உழைத்தவர் கைக்கு வருகிறது, எத்தனை ஆண்டு அங்கே நின்று திறன் சேர்க்க முடிகிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

அந்த ஆலைப் பாதையும் குறுகிவருகிறது. பிரிட்டனில் முதல் உலகப் போருக்கு முன் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் ஆலைத்துறையில் இருந்தார்கள். தென் கொரியாவில் அந்தப் பங்கின் உச்சம் 1989-இல் சுமார் 28 சதவீதம். பிரேசிலில் 1980-களிலேயே 16 சதவீத அளவில் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது. பொருளியலாளர் தானி ரோட்ரிக் இதை முதிராத தொழில்மயச் சரிவு என்று விளக்குகிறார்: இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்தன, உலகச் சந்தையில் போட்டி இறுகியது, ஆகவே பின்னால் வரும் நாடுகள் செல்வமடைவதற்கு முன்பே ஆலை வேலைகளை இழக்கத் தொடங்குகின்றன. அவரும் மார்கரெட் மக்மில்லனும் 2011-இல் காட்டியபடி, 1990-க்குப் பின் ஆசியாவில் ஆட்கள் குறைந்த உற்பத்தித்திறனுள்ள வேலையிலிருந்து கூடியதற்கு நகர்ந்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் பலர் எதிர்த்திசையில், நல்ல வேலைகளிலிருந்து முறைசாராச் சில்லறை வேலைகளுக்குத் தள்ளப்பட்டார்கள்.

இந்தியாவின் எண்களைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும். 2018-19-இல் உழைப்பாளர்களில் விவசாயத்தின் பங்கு 42.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. பெருந்தொற்றுக்காலத்தில் கோடிக்கணக்கானோர் ஊர் திரும்பியபின் ஏறி, 2023-24-இல் 46.1 சதவீதமாக இருந்தது. நாட்டு உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ 18 சதவீத அளவுதான். பெருந்தொற்றுக்கு முந்தைய பத்தாண்டில் நிலத்தை விட்டு வந்தவர்களில் மிகப் பலர் போனது கட்டுமானத்துக்கு. சித்தாளாகவும் கம்பி கட்டுபவராகவும் சென்ட்ரிங் வேலைக்காரராகவும் கிடைத்த கூலி உழவுக் கூலியைவிட மேலானது என்பதில் ஐயமில்லை, பல கிராமங்களில் மாடிவீடு எழுந்தது அந்தப் பணத்தில்தான். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத, நோய்க்கு விடுப்பில்லாத, கட்டடம் முடிந்ததும் முடிந்துபோகும் வேலை அது. 2020-இல் ஊரடங்கு அறிவித்த சில நாட்களிலேயே நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய கூட்டம் அதைக் காட்டியது. அவர்களைத் தாங்கிக்கொள்ளக் கடைசியில் மிச்சமிருந்தது, அவர்கள் விட்டுவந்ததாகக் கணக்கில் எழுதப்பட்ட அதே நிலம்தான்.

பெண்களின் நிலை இந்தக் கணக்குகளில் எளிதில் மறைந்துவிடும். குடும்பத்தில் முதலில் வெளியேறுபவர் பெரும்பாலும் ஆண். நிலமும் மாடும் முதியவர்களும் பிள்ளைகளும் மனைவியின் பொறுப்பில் விடப்படுகின்றன. பயிர் செய்பவர் அவர், ஆனால் பட்டா கணவர் பெயரில் இருப்பதால் கூட்டுறவுக் கடனும் இழப்பீடும் அவருக்குக் கிடைப்பதில்லை. சீனாவிலும், அரசுச் சேவைகளைப் பதிவு பெற்ற சொந்த ஊரோடு கட்டிவைக்கும் குடிப்பதிவு முறையால் நகரத்துப் பள்ளியில் இடம் கிடைக்காமல், பெற்றோர் ஆலைக்குப் போனபின் ஊரிலேயே விடப்பட்ட பிள்ளைகள் 2010-இல் சுமார் 6 கோடிப் பேர். வருமானக் கணக்கில் அந்தக் குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டவை. ஆனால் பெற்றோரை ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் பார்த்து வளர்ந்த பிள்ளையின் இழப்பு எந்த வறுமைக் கோட்டிலும் பதிவாகாது.

உழவிலிருந்து வேறு துறைக்கு மாறுவது என்றால் ஐம்பது வயது உழவர் கலப்பையை வைத்துவிட்டு ஆலைக்குள் நுழைவது போன்ற சித்திரம் மனத்தில் எழுகிறது. நிகழ்வது பெரும்பாலும் அப்படியல்ல. அவர் கடைசிவரை உழவராகவே இருக்கிறார், அவர் பிள்ளைகள் கலப்பையைத் தொடாமலே வளர்கிறார்கள். இந்தோனேசியா 1973 முதல் 1979 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. அந்தப் பள்ளிகளில் படிக்கும் வயதில் இருந்தவர்கள் வளர்ந்தபின் கூடுதல் ஊதியம் பெற்றார்கள், அவர்களில் உழவில் தங்கியோரும் குறைந்தார்கள். ஊரில் பள்ளி எழுந்தபோது அந்த வயதைக் கடந்துவிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்குப் பயன்படுவது வேறு: அருகிலுள்ள சந்தைக்கு ஒரு நல்ல சாலை, மழை பொய்த்தால் கைகொடுக்கும் காப்பீடு, காய்கறியோ பாலோ கோழியோ வைத்து வேலையற்ற மாதங்களை நிரப்பச் சிறு கடன், உடல் தளர்ந்தபின் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம். அதோடு, நிலத்தை நம்பிக்கையாகக் குத்தகைக்கு விட வழிசெய்யும் ஒரு சட்டமும் வேண்டும். அது இருந்தால், பக்கத்து வயலில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் இளம் குடும்பத்துக்கு அந்த அரை ஹெக்டேர் போய்ச் சேரும். ஒரு ஹெக்டேரானால் அந்தக் குடும்பம் உழவிலேயே நன்றாக வாழ முடியலாம்.